பத்தாவது ஆட்டத்துக்கு முன்

வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2008 ஜூனில் ஒட்டாவாவில் நடந்த டிராஃப்டில் முதல் இடத்தில் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் என்ற முன்கள வீரர் போனார். அடுத்த நான்கு இடங்களும் தடுப்பாட்டக்காரர்களுக்கே போயின. ட்ரூ டௌட்டியை லாஸ் ஏஞ்சலஸும், ஸாக் பொகோசியனை அட்லாண்டாவும், அலெக்ஸ் பீட்ராஞ்சலோவைச் செயின்ட் லூயிஸும், லூக் ஷென்னை டொராண்டோவும் எடுத்தன. நால்வரும் கனடிய ஜூனியர் லீகுகளில் வளர்ந்தவர்கள். அக்டோபரில் சீசன் தொடங்கியபோது நால்வருக்கும் 18 வயது. பீட்ராஞ்சலோ தவிர மற்ற மூவரையும் அணிகள் அந்த சீசன் முழுக்கத் தொழில்முறை ஆட்டத்திலேயே வைத்துக்கொண்டன. அதே டிராஃப்டில் பின்னால் எடுக்கப்பட்ட டைலர் மையர்ஸ் இன்னொரு வருடம் ஜூனியரிலேயே இருந்தார், எரிக் கார்ல்சன் ஸ்வீடனுக்கும் ரோமன் யோசி சுவிட்சர்லாந்துக்கும் திரும்பினார்கள். சோதனைச்சாலையில் திட்டமிட்டு வைத்தாலும் இப்படி ஒரு ஒப்பீடு கிடைக்காது. இளம் தடுப்பாட்டக்காரரை ஜூனியரில் விட்டுவைப்பதா, தொழில்முறைக்கு ஏற்றுவதா என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் வட அமெரிக்க ஹாக்கி உலகம் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, 2008-ன் வரிசையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஹாக்கி என்றால் நம் ஊர் வாசகருக்கு நினைவுக்கு வருவது தரையில் ஆடும் ஆட்டம். இங்கே பேசுவது பனித்தளத்து ஹாக்கி. 200 அடி நீளம், 85 அடி அகலம், நான்கு பக்கமும் பலகைச் சுவர், பந்துக்குப் பதில் பக் என்ற ரப்பர் வட்டு. டிராஃப்டில் எடுக்கப்பட்ட ஜூனியர் வீரரை என்.எச்.எல். அணி தன்னிடம் வைத்துக்கொள்ளலாம், அல்லது அவருடைய ஜூனியர் அணிக்குத் திருப்பி அனுப்பலாம். நடுவில் ஏ.எச்.எல். என்ற இரண்டாம் நிலைத் தொழில்முறை லீக் ஒன்று இருக்கிறது. ஆனால் 2025-26 சீசன் வரை, கனடிய ஜூனியர் லீகுகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அங்கிருந்து எடுக்கப்பட்டவர் அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 20 வயதை எட்டியிருக்க வேண்டும், அல்லது நான்கு ஜூனியர் சீசன்களை முடித்திருக்க வேண்டும் என்று இருந்தது. இல்லாவிட்டால் அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 18, 19 வயதில் கையெழுத்திட்டவர் பத்து என்.எச்.எல். ஆட்டங்களுக்குள் ஜூனியருக்குத் திரும்பினால் அவருடைய மூன்றாண்டு ஒப்பந்தம் ஒரு வருடம் தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்தில் காலை வைத்துவிட்டால் அந்த வருடம் கணக்கில் சேர்ந்துவிடும். ஒன்பதாவது ஆட்டம் முடிந்த இரவில் மேலாளர்களுக்குத் தூக்கம் வராமல் போவது இதனால்தான்.

முன்கள வீரருக்கும் இதே விதிதான். ஆனாலும் தடுப்பாட்டக்காரரின் பிரச்சினை வேறு. எதிரணி பக்கை மூலைக்குத் தள்ளிவிட்டுத் துரத்துகிறது என்று வையுங்கள். தடுப்பாட்டக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்க ஓட வேண்டும். ஓடும்போதே தோளுக்கு மேல் திரும்பித் துரத்துபவர் எந்தப் பக்கம் வருகிறார், எவ்வளவு தூரத்தில் வருகிறார், தன் கூட்டாளி எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோல் கோட்டுக்கும் பின்சுவருக்கும் இடையில் இருப்பது 11 அடி. அந்த இடுக்கில் பக்கைத் தொட்ட கணமே, கோல் வலையைச் சுற்றிக் கொண்டுபோவதா, வந்த திசைக்கே திருப்பிக் கூட்டாளிக்குத் தள்ளுவதா, கண்ணாடிச் சுவரில் அடித்து வெளியேற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஜூனியரில் துரத்தி வருபவர் 17 வயதுப் பையன், இரண்டாவது முறை திரும்பிப் பார்க்க அவகாசம் இருக்கும். என்.எச்.எல்.-இல் வருபவர் 90 கிலோ ஆள், அந்த இரண்டாவது பார்வைக்கு இடமே தர மாட்டார். முன்கள வீரர் பக்கை இழந்தால் அவருக்குப் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள். தடுப்பாட்டக்காரர் இழந்தால் பின்னால் கோலி மட்டும்தான். தடுப்பாட்டக்காரர் பக்குவப்பட இருநூறு, முந்நூறு ஆட்டங்கள் வேண்டும் என்று ஹாக்கிக்காரர்கள் ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். அது விஞ்ஞானம் அல்ல, ஆனாலும் காரணமில்லாமல் பிறந்ததும் அல்ல. தோளுக்கு மேல் பார்க்கும் அந்தப் பழக்கம் கண்ணில் படிய அத்தனை ஆட்டங்கள் பிடிக்கும்.

அந்த ஆட்டங்களை எங்கே ஆடுவது என்பதுதான் கேள்வி. "இவன் என்.எச்.எல்.-இல் தாக்குப்பிடிப்பானா" என்று கேட்பவர்கள் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். அடுத்த ஒரு வருடம் பக் எங்கே இவன் மட்டையில் இருக்கும், தவறு செய்தபின் அடுத்த முறையும் இவனை எங்கே களத்தில் இறக்குவார்கள் என்று கேட்க வேண்டும். நல்ல ஜூனியர் தடுப்பாட்டக்காரர் ஓர் இரவில் 25 நிமிடம் ஆடுவார், ஆள் கூடுதலாக இருக்கும் பவர் பிளேயிலும் ஆள் குறைவாக இருக்கும்போதும் அவரே நிற்பார். என்.எச்.எல். அணியின் மூன்றாவது, அதாவது கடைசித் தடுப்பாட்ட ஜோடியில் செருகப்படும் 18 வயதுக்காரருக்குக் கிடைப்பது அதில் பாதிதான். அதிலும் ஒரு பிழை செய்தால் அடுத்த ஆட்டத்தைப் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே 18 வயதில் ஜூனியர்தான் இயல்பான இடம், என்.எச்.எல். விதிவிலக்கு என்பது என் கட்சி.

2008-க்குத் திரும்புவோம். ஷென்னும் மையர்ஸும் கெலோனா ராக்கெட்ஸ் என்ற ஒரே ஜூனியர் அணியில் ஆடியவர்கள். ஷென் டொராண்டோவுக்காக முதல் சீசனில் 70 ஆட்டங்கள் ஆடினார். டௌட்டியோடு சேர்ந்து அந்த ஆண்டின் சிறந்த புதுமுகங்களின் அணியிலும் இடம் பிடித்தார். அன்று கேட்டிருந்தால் டொராண்டோ செய்தது சரி என்றே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கும். மையர்ஸ் கெலோனாவிலேயே இருந்து, 2009-ல் மேற்கு ஜூனியர் லீக் பட்டத்தை வென்று, இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரராகவும் தேர்வானார். அடுத்த சீசனில் பஃபலோவுக்காக 82 ஆட்டங்களில் 48 புள்ளிகள் எடுத்து (கோலும் கோலுக்கான உதவியும் தலா ஒரு புள்ளி) சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையைப் பெற்றார். ஷென்னை டொராண்டோ நான்கு ஆண்டுகளில் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டது. ஒரு கட்டத்தில் அவர் ஏ.எச்.எல்.-க்கே இறங்க வேண்டியிருந்தது. அங்கிருந்து எழுந்து வந்து தாம்பாவோடு 2020-லும் 2021-லும் என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது அவருடைய பிடிவாதத்துக்குக் கிடைத்த பரிசு.

ஆனால் இந்தக் கதையை என் வசதிக்கு இதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. மையர்ஸின் அந்த 48 புள்ளிகளை அவரே பிறகு ஒருமுறையும் தாண்டவில்லை. ஷென், மையர்ஸ் இருவருமே 2024-25 சீசனில் தங்கள் ஆயிரமாவது என்.எச்.எல். ஆட்டத்தை எட்டினார்கள். ஜூனியரில் இருந்தவன் சிகரம் தொட்டான், அவசரப்பட்டவன் கெட்டான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தெளிவான சாட்சி பீட்ராஞ்சலோதான். செயின்ட் லூயிஸ் அவரை முதல் ஆண்டு எட்டு ஆட்டங்களிலும் இரண்டாம் ஆண்டு ஒன்பது ஆட்டங்களிலும் ஆடவிட்டு, இரண்டு முறையும் ஜூனியருக்குத் திருப்பி அனுப்பியது. 2010 ஜனவரியில் சாஸ்கட்டூனில் முடிந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் சிறந்த தடுப்பாட்டக்காரர் அவர். 2010-11-ல் முழு சீசன் ஆடவந்தபோது 79 ஆட்டங்களில் 43 புள்ளிகள். 2019-ல் செயின்ட் லூயிஸ் தன் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது தலைவராக அதைத் தூக்கியவரும் அவர்தான். டிராஃப்ட் முடிந்த கையோடு வட அமெரிக்காவுக்கு வராத கார்ல்சன் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையை மூன்று முறை வென்றார், யோசி 2020-ல் வென்றார். காத்திருப்பு யாரையும் மேதையாக்கிவிடாது. இவர்கள் விஷயத்தில் அது எதையும் கெடுக்கவும் இல்லை.

"டௌட்டி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 18 வயதில் 81 ஆட்டங்கள், 20 வயதில் வான்கூவர் ஒலிம்பிக் தங்கம், 2012-லும் 2014-லும் ஸ்டான்லி கோப்பை, 2016-ல் நோரிஸ். 2014-ல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட ஆரன் எக்பிளாடும் நேரே ஃப்ளோரிடாவுக்குப் போய் 39 புள்ளிகளோடு கால்டர் வென்றார். ஆனால் எக்பிளாட் சிறப்பு அனுமதியோடு 15 வயதிலேயே ஒன்டாரியோ ஜூனியர் லீகுக்குள் வந்தவர். டிசம்பரில் பிறந்த டௌட்டிக்கும் டிராஃப்டுக்கு முன் மூன்று முழு ஜூனியர் சீசன்கள் கிடைத்திருந்தன. மற்றவர்கள் டிராஃப்டுக்குப் பின் ஆடிய ஆட்டங்களை இவர்கள் முன்னாலேயே ஆடி முடித்திருந்தார்கள். சரி, நவம்பரில் பிறந்த ஷென்னுக்கும்தானே மூன்று சீசன்கள் இருந்தன என்று மடக்கலாம். மடக்குவது சரிதான், ஆட்ட எண்ணிக்கை மட்டும் போதாது. டௌட்டி வந்த நாளிலிருந்தே பக்கைத் தன்னிடம் வைத்து ஆட்டத்தை நடத்தினார், லாஸ் ஏஞ்சலஸ் அவரை அப்படித்தான் பயன்படுத்தியது. ஷென்னிடம் டொராண்டோ எதிர்பார்த்தது உடல்மோதலையும் அடியை உடலால் மறிப்பதையும். அந்த வேலையை 18 வயதிலும் செய்யலாம். செய்துகொண்டே பக்கைக் கையாளப் பழகுவதுதான் கடினம். 2025-ல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட மேத்யூ ஷேஃபர் இந்தக் கணக்கு எதற்குள்ளும் அடங்காதவர். காறை எலும்பு முறிவால் கடைசி ஜூனியர் சீசனில் 17 ஆட்டங்களே ஆடியவர், நியூயார்க் ஐலண்டர்ஸில் விரைவிலேயே முன்னணி ஜோடிகளின் வேலையை வாங்கிக்கொண்டார். அப்படி ஒருவர் வந்தால் ஆடவிட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஏழெட்டு அணிகள் தங்களிடம் ஒரு ஷேஃபர் இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, அது 19 வயதைப் பற்றியது. ஜூனியர் ஆட்டம் எளிதாகிவிட்டால் கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். தன்னைவிடச் சிறியவர்களிடம் மட்டையால் எட்டிப் பறித்தே பிழைத்துவிடலாம், காலை நகர்த்த வேண்டியதில்லை. 2024-25-ல் சாகினா என்ற ஜூனியர் அணிக்காக 61 ஆட்டங்களில் 107 புள்ளிகள் எடுத்த ஸெய்ன் பரேக் அங்கே இன்னும் என்ன கற்றுக்கொள்ள முடியும்? இதை நான் ஒப்புக்கொள்கிறேன். 18 வயதில் என் கட்சி உறுதியானது, 19-ல் அது ஆட்டம் காண்கிறது. ஆனால் பழி ஜூனியர் மேல் அல்ல, நடுவில் அடைபட்டிருந்த கதவின் மேல். 2018 டிராஃப்டில் எவன் பூஷார்ட் பத்தாவது இடத்திலும் நோவா டாப்சன் பன்னிரண்டாவது இடத்திலும் போனார்கள். இருவரும் 2018-19-ஐப் பெரும்பாலும் ஜூனியரில் கழித்தார்கள். பூஷார்ட் பிறந்தது 1999 அக்டோபர் 20, ஆகவே 2019-20-ல் எட்மன்டன் அவரை ஏ.எச்.எல். அணியான பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பியது, அவர் 54 ஆட்டங்கள் ஆடினார். டாப்சன் பிறந்தது 2000 ஜனவரி 7. கனடிய ஜூனியர் பட்டமான மெமோரியல் கோப்பையை இரண்டு முறை வென்றுவிட்ட அவருக்கு ஜூனியரில் இனி செய்ய ஒன்றுமில்லை, ஏ.எச்.எல். போகவோ விதி இடம் தரவில்லை. ஐலண்டர்ஸ் அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அந்த சீசன் முழுக்க 34 ஆட்டங்களில் மட்டும் இறக்கியது. மூன்று மாதம்கூட இல்லாத பிறந்தநாள் இடைவெளி ஒருவருக்கு 54 ஆட்டங்களையும் இன்னொருவருக்கு மாடத்து நாற்காலியையும் கொடுத்தது. 2023-24-ல் பூஷார்ட் 82 புள்ளிகளும் டாப்சன் 70 புள்ளிகளும் எடுத்தார்கள், இருவரும் தேறிவிட்டார்கள். அதனால் விதி சரி என்று ஆகிவிடாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. 2024-ல் டிராஃப்ட் ஆனவருக்குப் புதுமுக ஒப்பந்தத்தில் ஆண்டுச் சம்பள உச்சவரம்பு 9,75,000 டாலர். ஜூனியரில் கிடைப்பது சிறு கைச்செலவுப் பணமும், ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணமும். தவிர, ஏழு சீசன்களை முடித்தவர் 27 வயதுக்கு முன்பே விரும்பிய அணிக்குப் போகும் உரிமை பெறுகிறார், 18-ல் தொடங்கியவருக்கு அது 25-லேயே கிடைத்துவிடும். அணி "பொறுமை" என்று உபதேசிக்கும்போது, மலிவான ஒப்பந்தம் ஒரு வருடம் தள்ளிப்போவதால் அணிக்கு வரும் லாபத்தையும் வீரரும் அவருடைய முகவரும் எண்ணிப்பார்க்க வேண்டும். பொறுமை எப்போதும் தன்னலமற்றது அல்ல. ஆனாலும் பெரிய பணம் இருப்பது இரண்டாவது ஒப்பந்தத்தில். அதன் விலையை 20, 21 வயதில் எப்படி ஆடினார் என்பதே தீர்மானிக்கும். அந்த வயதில் நன்றாக ஆட 18-லும் 19-லும் பக் மட்டையில் இருந்திருக்க வேண்டும்.

கதவுகள் இப்போது திறக்கின்றன. 2025 ஆகஸ்ட் முதல் கனடிய ஜூனியரில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஆடலாம், விக்டோரியா ராயல்ஸில் ஆடிய தடுப்பாட்டக்காரர் கீட்டன் வெர்ஹாஃப் அப்படியே வட டகோட்டாவுக்குப் போனார். கல்லூரியில் எதிரே நிற்பவர்கள் 22, 23 வயது ஆண்கள். அதோடு 2025-ல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் ஒப்புக்கொண்ட புதிய ஒப்பந்தம், 2026-27 சீசனிலிருந்து ஓர் அணி 19 வயது ஜூனியர் வீரர் ஒருவரை ஏ.எச்.எல்.-க்கு அனுப்ப வழி செய்கிறது. ஒருவர் என்ற எண்ணிக்கை போதாது, ஆனாலும் டாப்சனுக்கு நேர்ந்தது இனி எல்லாருக்கும் நேர வேண்டியதில்லை. என் தீர்ப்பு இதுதான்: 18 வயதுக்காரரை முதல் இரண்டு ஜோடிகளில் ஒன்றில் ஆடவைக்க அணி தயாரில்லை என்றால், ஒன்பதாவது ஆட்டம் முடிந்த மறுநாள் காலையே அவரை ஜூனியருக்கு விமானம் ஏற்றிவிட வேண்டும்.