மெயினுக்கு ஒரு பூட்டு

மளிகையோடு மாவு மில்லும் நடத்தும் அன்பர்கள் கவனத்திற்கு: மிளகாய் அரைக்கையில் மெஷின் அடைத்துக்கொண்டால், சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே கை விடுபவர்கள் நம்மில் பலர். விவரம் தெரியாமல் கடைப் பையன் சுவிட்சைப் போட்டால் விரல் போய்விடும். கரண்ட் போன நேரம் இன்னும் மோசம். ஸ்டார்ட்டர் இல்லாத மோட்டார், சுவிட்ச் போட்டபடி இருந்தால், கரண்ட் வந்ததும் தானே ஓடும்.

மெயினை இறக்கி, கைப்பிடித் துளையில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ளட்டும் என்கிறோம். துளை இல்லையேல் மெயினை இறக்கியபின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் கழற்றி அவரே வைத்திருக்கலாம். "ஆள் வேலை செய்கிறார்" என்று அட்டையும் தொங்கவேண்டும். அட்டை மட்டும் போதாது, அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? சக்கரம் முழுதும் நின்றபின் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்த பிறகே கை வைக்கவேண்டும். அமெரிக்காவில் 1989-இல் தொழிற்கூடங்களுக்கு இதை விதியாகவே வெளியிட்டார்கள். மாற்றுச் சாவியைக் கல்லாவில் போட்டுவைக்க வேண்டாம்.