ஒரகடத்து வெயிலில் ஆக்சலாட்டல்

தமிழ்நாட்டில் தவளை, தேரை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர மண்ணில் காலில்லாத சிசிலியனும் உண்டு. நாலு காலும் வாலும் கொண்ட சாலமாண்டர் மட்டும் கிடையாது. டார்ஜிலிங் பக்கம் வாழும் இமாலய நியூட் என்ற சாலமாண்டரைச் சட்டம் காக்கிறது. அதை வளர்க்க ஆசைப்படவே கூடாது. வண்ணமீன் ஆர்வலர்கள் விலை விசாரிப்பதெல்லாம் மெக்சிகோவின் ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டரைத்தான்.

தலையின் இருபுறமும் இறகுபோன்ற செவுள்களோடு, ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே இளம்பருவத் தோற்றத்தில் வாழும் பிராணி இது. கால் போனால் எலும்போடு மீண்டும் முளைக்கும். தாயகமான சோச்சிமில்கோவில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன, 2014-ல் 36தான்.

நம் ஊரில் இதற்கு முதல் எதிரி வெயில். தேவைப்படுவது 16–18 டிகிரி தண்ணீர். 24-ஐத் தாண்டினால் இரை எடுக்காது. செவுள்கள் முன்பக்கம் சுருளும். உடம்பில் பஞ்சுபோல் பூஞ்சை படியும். மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் வெயில் 40-ஐ நெருங்கும்போது மொட்டைமாடி அறைத் தொட்டி என்ன ஆகும்? மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைத்தால் பெரிது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். ஒரகடத்தில் எந்த மோல்டிங் ஷாப்பில் கேட்டாலும் அது செய்யும் வேலையைச் சொல்வார்கள். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்வார்கள்.

வடிகட்டியைச் சில வாரம் முன்பே ஓடவிட்டு, அமோனியாவை முறிக்கும் பாக்டீரியா வளர்ந்த பிறகே பிராணியை விட வேண்டும். அடியில் கூழாங்கல் கூடாது. வாயைத் திறந்து இரையோடு தண்ணீரையும் உறிஞ்சும்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். மண்புழு நல்ல தீனி.

இனப்பெருக்கத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே ஈட்டில் சில நூறு முட்டைகள், சிலசமயம் ஆயிரம்கூட வரும். பொரித்த குஞ்சுகளுக்கு உயிருள்ள ஆர்டிமியா (உப்புநீர் இறால் குஞ்சு) தினமும் வேண்டும். நெருக்கமாக விட்டால் ஒன்றன் காலை ஒன்று கடித்துவிடும். இத்தனையையும் யார் வாங்குவார்கள்? அனுபவசாலிகள் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச முட்டைகளை முதல் நாட்களிலேயே உறையவைத்துவிடுவார்கள். உடன்பிறந்தவற்றை ஜோடி சேர்ப்பதும் இல்லை.

அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2-ஆம் பட்டியலில் ஆக்சலாட்டல் உள்ளது. இந்தியாவின் 2024 விதிகளின்படி வைத்திருப்பது, கைமாற்றுவது, பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். சலித்துப்போய் ஏரியில் விடுவது இரட்டைக் குற்றம்: வெந்நீரில் அதுவும் சாகும், அதன் நோய் நம் தவளைகளுக்கும் தொற்றலாம்.

வாடகை வீட்டு ஒப்பந்தம் 11 மாதம்தான். ஆக்சலாட்டலோ 10 ஆண்டுக்கு மேல் வாழும். சில்லர், இன்வெர்ட்டர், பதிவுச் சான்று மூன்றும் இல்லையென்றால், சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் ஒரு ஃபைட்டர் மீன் வாங்கிக்கொள்ளுங்கள்.