சுவடி அறைக்குள் போகும் முன் ஒரு கடிதம்

பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் ஒரு நெடி வரும். பழங்காகிதமும் நாப்தலின் உருண்டையும் ஈரச்சுவரும் கலந்த நெடி. நூலக அறிவியல் படித்த பலருக்கும் இந்தத் தொழில் மீதான ஆசை அந்த நெடியில்தான் தொடங்கியது. எனக்கும் அப்படித்தான். அதே நெடியில் எட்டு வாரம் தரையில் உட்கார்ந்து கோப்புகளின் தூசியைத் தட்டிவிட்டு, இருமலோடும் ஒரு வரிச் சான்றிதழோடும் வீடு திரும்பிய மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். தங்களுக்கு என்ன உரிமை இருந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எழும்பூரில் 1909-இல் எழுந்த கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால், உ.வே.சா. நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பில் பிறந்த ஆராய்ச்சி நூலகம் என்று நம் மண்ணில் அரிய சேகரங்களுக்குக் குறைவில்லை. வகுப்பறையில் வகைப்படுத்தலும் நூற்பட்டியலும் படிக்கிறோம். உலகில் ஒரே ஒரு படி மட்டுமே இருக்கும் ஏட்டைக் கையில் எடுப்பது எப்படி என்பதை இத்தகைய இடங்களில்தான் கற்க முடியும். ஆகவே இன்டர்ன்ஷிப் வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போகக்கூடாது. உள்ளே கால் வைக்கும் முன் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் பயிற்சி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வகை உண்டு. மூன்றையுமே ‘இன்டர்ன்ஷிப்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் குழப்பம். பாடத்திட்டத்தின் பகுதியாகக் கல்லூரி அனுப்பி வைப்பது ஒன்று. அதில் நீங்கள் மாணவர். உங்களுக்குப் பொறுப்பு கல்லூரி. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவுசெய்து சேருவது இன்னொன்று. நூலக அறிவியல் போன்ற பொறியியல் சாராத பட்டதாரிகளுக்கும் இப்போது அந்த வழி திறந்திருக்கிறது. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. மூன்றாவது, ‘சும்மா வந்து கத்துக்கோங்க’ என்று வாய்வார்த்தையில் சேர்த்துக்கொள்வது. சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழிற்பழகுநராகப் பதிவுசெய்த பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று 2019-இல் திருத்திய விதிகள் நிர்ணயித்தன. பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது என்கிறது அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு. கல்லூரி அனுப்பும் பயிற்சியில் உதவித்தொகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். உங்களிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவதாகச் சொல்லும் இடத்தின் பக்கமே போகாதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலை ‘பாதுகாப்புக்காக’ வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

இனி உடம்பு. இதைப் பற்றித்தான் நம் துறையில் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

பழைய ஆவணங்களின் முதல் எதிரி பூஞ்சணம். மனித நுரையீரலுக்கும் அது எதிரிதான். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். சென்னைக் காற்று ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான் இருக்கிறது. கோப்பைப் பிரித்ததும் சாம்பல் வெள்ளையாகப் பொடி பறந்தாலோ, விரல் பட்டதும் கறை இழுபட்டாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மூச்சிரைப்பு, தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் அதைச் சேரும் நாளிலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும். கைக்குட்டையோ சாதாரணத் துணி முகக்கவசமோ பூஞ்சண வித்தைத் தடுக்காது, என்-95 வேண்டும். அதை வாங்கித் தர வேண்டியது நிறுவனம். கேட்கத் தயங்க வேண்டாம்.

பூச்சிமருந்து இன்னும் நுட்பமான ஆபத்து. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் இவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளிடையே வைப்பது சரசுவதி மகாலின் பழைய முறை. அதனால் யாருக்கும் தீங்கில்லை. 20-ஆம் நூற்றாண்டில் நாப்தலின், பாராடைகுளோரோபென்சீன், தைமால் ஆகியவை உலகெங்கும் ஆவண அறைகளுக்குள் வந்தன. டிடிடி, பி.எச்.சி. போன்ற பொடிகளைத் தூவியதும் உண்டு. பி.எச்.சி.யில் அடங்கிய லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், டிடிடி அதற்கு வாய்ப்புள்ள பொருள் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. அலமாரி இடுக்கில் தேங்கிய வெள்ளைப் பொடி எந்தக் காலத்தது, யார் தூவியது என்று இன்று அங்கே வேலை செய்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே ‘இந்த அறையில் என்னென்ன மருந்து பயன்படுத்தியிருக்கிறீர்கள், கடைசியாகப் புகையூட்டியது எப்போது?’ என்று முதல் நாளே கேளுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி இது.

விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. காப்பகத்தில் அதை அடியோடு விட வேண்டும். தாளுக்குக் கேடு என்பதோடு, தாளில் இருப்பது உங்கள் நாக்குக்கு வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துணிக்கட்டு நூல்கள் சிலவற்றின் பளீரென்ற பச்சை அட்டையில் ஆர்சனிக் கலந்த சாயம் இருக்கிறது. அமெரிக்காவின் வின்டர்தர் நிறுவனம் 2019 முதல் அத்தகைய நூல்களைச் சோதித்துப் பட்டியலிட்டு வருகிறது. அக்காலத்து இலண்டன் பதிப்புகள் நம் பழைய நூலகங்களிலும் ஏராளம். அந்தப் பச்சையைக் கண்டால் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தனி உறையில் வையுங்கள், கை கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். படங்களில் காட்டும் வெள்ளைப் பருத்திக் கையுறையை நம்ப வேண்டாம். அதன் இழை ஓலையின் விளிம்பில் சிக்கி ஏட்டைக் கிழிக்கும். மருந்தோ பூஞ்சணமோ இல்லாத ஏட்டுக்குக் கழுவித் துடைத்த வெறும் கையே மேல்.

புகைப்பட நெகட்டிவ், திரைப்படச் சுருள் உள்ள சேகரமா? 1950-களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீரால் அணையாது. 2003-இல் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்ததில், இந்தியாவின் தொடக்க காலப் படங்கள் பல திரும்பப் பெற முடியாமல் போயின. பழைய டப்பாவைத் திறக்கச் சொன்னால், உள்ளே இருப்பது என்ன வகைச் சுருள் என்று தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பயிற்சி மாணவரைத் தனியே விட்டுச் செய்யும் வேலை இல்லை அது.

அடுத்தது உங்கள் பெயர். ஒரு சுவடிக்கு விளக்க அட்டவணை எழுதுகிறீர்கள். முதலும் முடிவும் பார்த்து, ஏடு எண்ணி, சிதைவைக் குறித்து, எழுதியவர் பெயரைத் தேடிப் பிடிக்கிறீர்கள். மாதக்கணக்கான உழைப்பு. அது பின்னால் இணையத்திலோ அச்சிலோ வெளிவரும்போது உங்கள் பெயர் அதில் இருக்குமா?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. ஆனால் அது பயிற்சியின் வகையைப் பொறுத்தது. வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்பழகுநர் ஒப்பந்தத்திலோ இருந்துகொண்டு எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. அரசு நிறுவனத்துக்காக எழுதியதற்கும் தனி விதி உண்டு. அத்தகைய ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ஒரு தனியார் சேகரத்துக்கு எழுதியிருந்தால் உரிமையை நீங்கள் கேட்க இடமிருக்கிறது. அதை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில்தான் கொடுக்க முடியும். அதனால் கையெழுத்துக்காக நீட்டும் தாளைப் படித்துப் பாருங்கள். இதில் எந்த வகையானாலும் மாறாதது ஒன்று உண்டு. படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பதிப்புரிமை கைமாறிய பிறகும் எழுதியவரிடமே நிற்கும் என்கிறது 57-ஆம் பிரிவு. நீங்கள் எழுதிய விளக்கத்தை வேறொருவர் தன் பெயரில் போட்டுக்கொள்வது வெறும் மரியாதைக் குறைவோடு முடிந்துவிடுவதில்லை, சட்டப்படியும் தவறு.

உரிமை இருக்கும் இடத்தில் பொறுப்பும் உண்டு. ஒரு தலைவரின் கடிதக் கட்டு காப்பகத்தில் இருக்கிறது என்பதால் அதன் பதிப்புரிமையும் காப்பகத்திடம் வந்துவிட்டதாகப் பொருளில்லை. அச்சில் வராத கடிதம் என்றால், எழுதியவர் இறந்து பல்லாண்டு ஆனாலும் உரிமை தீர்ந்துவிட்டதாக நினைக்க முடியாது. கைப்பேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவதும், ஆர்வத்தில் சமூக ஊடகத்தில் போடுவதும் உங்களையும் நிறுவனத்தையும் சேர்த்து இழுத்துவிடும். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. ‘வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர், அசலைப் பார்க்க ஆசைப்படுகிறார்’ என்று யாராவது பேச்சுக் கொடுத்தால், அன்றே எழுத்தில் மேலிடத்துக்குத் தெரிவியுங்கள்.

ஏடு ஒன்று காணாமற்போனால் பழி முதலில் விழுவது கடைசியாக வந்த பயிற்சி மாணவர் மீதுதான். அதிலிருந்து காப்பது நாட்குறிப்பு. எந்தக் கட்டை எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், எத்தனை ஏடு இருந்தது, எது உடைந்திருந்தது, யாரிடம் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். பதிவேட்டில் இரு தரப்புக் கையெழுத்தும் விழட்டும். உடைந்த ஏட்டைத் தொடும் முன்பே அனுமதியோடு படமெடுத்து வையுங்கள்.

மாணவிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆவண அறைகள் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த, ஒரே வாசல் கொண்ட அறைகள். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சம்பளம் வாங்குபவரை மட்டும் காப்பதாக நினைக்காதீர்கள். பயிற்சியாளர், தொழிற்பழகுநர், ஊதியமில்லாமல் வேலை செய்பவர் எல்லாரும் அதன் வரையறைக்குள் வருகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய இடமானால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரைச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். ‘இன்டர்ன்ஷிப் முடியட்டும், சான்றிதழ் வாங்கிக்கொண்டு பார்க்கலாம்’ என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள்.

மற்றச் சிக்கல்களுக்கும் கதவுகள் உண்டு. கல்லூரி அனுப்பிய பயிற்சியில் குறை என்றால், முதலில் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர் குழுவை அணுகுங்கள். அதன் முடிவில் நிறைவில்லையென்றால் 15 நாளுக்குள் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். தொழிற்பழகுநர் ஒப்பந்தத் தகராறு தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் போகும். அரசுக் காப்பகம் சான்றிதழை இழுத்தடித்தால், உங்கள் வருகைப் பதிவு, தேர்வு விதி, உதவித்தொகை ஒதுக்கீடு ஆகியவற்றைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெரும்பாலும் அந்த மனுவே காரியத்தை முடித்துவிடும்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். நீளமாக வேண்டாம், ஒரு பக்கம் போதும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எத்தனை மணி நேரம், என்ன வேலை, மேற்பார்வையாளர் யார், முகக்கவசமும் கையுறையும் தருவது யார், உதவித்தொகை உண்டா, செய்த வேலையில் பெயர் எப்படி வரும், சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வரும், காயம்பட்டால் செலவு யாருடையது. இவ்வளவும் இருந்து நிறுவனத்தின் கையெழுத்தும் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்தது. கடிதம் தரத் தயங்குகிறார்களா? முதல் நாள் மாலையே நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இன்று முதல் இன்ன வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், நீங்கள் சொன்ன விவரம் இவை.’ மறுப்பு வராவிட்டால் அதுவும் ஒரு சான்றுதான்.

நூலக அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1929-இல் சென்னையில் தொடங்கிய பயிற்சி வகுப்பிலிருந்து வளர்ந்த துறை நம்முடையது. அடுத்த தொகுதியை அனுப்பும் முன், அந்த ஒரு பக்கக் கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து, துறை முத்திரையிட்டு, ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுத்து அனுப்புங்கள்.