மூன்று சகோதரிகள் தேடி வந்த செர்ரிப் பூ

கோவில் என்றதும் கோபுரத்தையும் கர்ப்பக்கிருகத்தையும் நினைத்துக்கொண்டு ஜப்பானின் கியோட்டோ நகருக்குப் போனால் திகைத்துத்தான் போவீர்கள். ஹெய்யான் ஆலயத்துக்குப் போகும் வீதியின் குறுக்கே, 24 மீட்டர் உயரத்தில், செந்தூர வண்ணத் தோரணவாயில் ஒன்று நிற்கிறது. உள்ளே சென்றால் விக்கிரகம் எதுவும் கண்ணில் படாது. கையையும் வாயையும் அலம்பிக்கொண்டு, இரு முறை குனிந்து, இரு முறை கைதட்டி, மறுபடியும் ஒரு முறை குனிந்தால் தரிசனம் முடிந்தது!

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அது. 1869-ல் சக்கரவர்த்தி டோக்கியோவுக்குக் குடிபோய்விட்டார், ஊர் களையிழந்தது. ஆனால் கியோட்டோவாசிகள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. பிவா ஏரியிலிருந்து கால்வாய் வெட்டினார்கள். மின்சார டிராம் ஓட்டினார்கள். 794-ல் நகரை நிறுவிய கம்மு சக்கரவர்த்திக்கு 1895-ல் இந்த ஷிண்டோ ஆலயத்தையும் எழுப்பினார்கள். பழைய அரண்மனை மண்டபத்தின் அதே சாயல். அளவு மட்டும் எட்டில் ஐந்து பங்கு.

ஆலயத்தைவிட, அதைச் சுற்றியுள்ள தோட்டம்தான் மனத்தைப் பறிக்கிறது. ஓகாவா ஜிஹெய் என்ற தோட்டக் கலைஞரின் கைவண்ணம். ஒரு குளத்தின் நடுவே வட்டக் கற்களின்மேல் அடியெடுத்து வைத்து நடக்கலாம். அந்தக் கற்கள், ஹிதெயோஷி 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலங்களின் தூண்கள்! பழசை வீசியெறிய மனம் வராத நம் பாட்டிமார் கேட்டால் மெச்சிக்கொள்வார்கள்.

தொங்கு செர்ரி மரங்களோ ஒரு நாவலிலேயே இடம் பிடித்துவிட்டன. தனிஸாகி எழுதிய 'மக்கியோகா சகோதரிக'ளில், நால்வரில் இளைய மூவரும் வசந்தந்தோறும் இங்கே வருகிறார்கள். மூன்றாமவள் யுகிகோவுக்கு வரன் அமையவில்லை. அடுத்த வருஷம் அவள் புக்ககம் போயிருப்பாளோ, இதுதான் சேர்ந்து பார்க்கும் கடைசிப் பூவோ என்று அக்காவுக்கு ஒரு தவிப்பு. தங்கைக்குக் கல்யாணமாக வேண்டும். ஆனால் அவளைப் பிரியவும் மனமில்லை. பெண்ணுள்ள வீடுகளுக்கு இதை விளக்கவா வேண்டும்?

1943-ல் பத்திரிகையில் தொடங்கிய அந்தத் தொடர்கதையை, யுத்த காலத்துக்கு ஏற்றதல்ல என்று ராணுவத்தார் நிறுத்திவிட்டார்கள். பாதியில் நின்ற தொடர்கதை! தனிஸாகி விடாமல் எழுதினார். 1948-ல் முழுமையாக வெளிவந்தது.

ஆலயத்துக்கும் சோதனை வந்தது. 1976-ல் யாரோ வைத்த தீயில் மூலஸ்தானம் எரிந்தது. ஜனங்கள் காணிக்கை திரட்டி, 1979-ல் மீண்டும் கட்டிவிட்டார்கள்.

போவதானால் ஏப்ரலில் போங்கள். மற்றச் செர்ரிகள் உதிரத் தொடங்கும்போதுதான் இவை மலரும்.