மூன்றாவது நாடா

மேல்நாட்டாருக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று உண்டு. சிவப்பும் மஞ்சளுமாய் இலைகள் உதிர்வதைப் பார்த்து அவர்கள் கவி பாடுவார்கள். நம் ஊரில் அதே மாதங்களில் உதிர்வது வானம்தான். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் நம் முன்னோர் வைத்த பெயர் கூதிர் காலம். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று பாட்டிமார் வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு மாதமும் நமக்கெல்லாம் துவைத்த துணி காயவில்லையே என்று கவலை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளிலோ, துணி பிறக்கவே மாட்டேன் என்கிறதே என்று கவலை!

காரணம் இருக்கிறது. பட்டுத் தறி நிற்பது தனிக் கட்டடத்தில் அல்ல. பெரும்பாலும் வீட்டுக் கூடத்திலேதான். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்க வேண்டும். மழை வலுத்தால் அந்தக் குழியில் நீர் ஊறும். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் பெருமழையில் தறிக்குழிகள் குட்டிக் குளங்களாகி, பல வீடுகளில் வேலை அடியோடு நின்றுபோனது. குழி உலர்ந்திருந்தாலும் ஈரக்காற்றில் பாவு முரண்டு பிடிக்கும். வேலைப்பாட்டைப் பொறுத்து, ஒரு சேலையை நெய்து முடிக்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். கூலியோ சேலைக்குத்தான், நாளுக்கு அல்ல. தறி நின்றால் அன்றைய வரும்படியும் நின்றது. தீபாவளி மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்!

"இப்படிப்பட்ட வீட்டில் சிரிப்புக்கு ஏது இடம்?" என்கிறீர்களா? அதுதான் விசேஷம். கேளுங்கள்.

முதலில் வானிலை இலாகா. வீட்டுக்கு வீடு ஒரு கிளை உண்டு. அதன் நிரந்தர அதிகாரி ஆயா, அதாவது பாட்டி. மகன் கைபேசியில் மேகப் படம் பார்த்து, "இன்னிக்கு மழை இல்லே" என்பான். ஆயா முழங்காலைத் தடவிக்கொண்டு, "எதுக்கும் பாவை உள்ளே எடுத்து வைடா" என்பாள். பெரும்பாலும் முழங்கால்தான் ஜெயிக்கும்.

இன்றும் சில தெருக்களில் விடிகாலையில் பாவை நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு தூறல் விழட்டும், தெருவே எழுந்து ஓடும்! குழாயடிச் சண்டையால் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டார், பாவின் இரண்டு முனைகளையும் பிடித்துச் சுருட்டிக்கொண்டே வந்து, நடுவில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் எப்படிப் பேசாமல் இருப்பது?

அடுத்தது கூரை ஒழுகும் வைபவம். மழைக்கு முதல் மரியாதை தறிக்குத்தான். நல்ல பிளாஸ்டிக் விரிப்பு தறிக்கு, கிழிந்தது அரிசி மூட்டைக்கு, மிச்சம் இருந்தால் மனிதர்களுக்கு. குடும்பத் தலைவர் நனைந்தால் துண்டால் துவட்டிக்கொள்ளலாம். பட்டும் ஜரிகையும் நனைந்தால் யார் பதில் சொல்வது? இதற்குள் எதிர்வீட்டுப் பூனை, உலர்ந்த இடம் தேடித் தறிக்குழிக்குள் இறங்கிக் குடித்தனம் வைத்துவிடும். இருட்டில் காலை விட்டவர் போடும் கூச்சலில், தூங்குகிற குழந்தை மட்டுமல்ல, தெருவே விழித்துக்கொள்ளும்.

மழைக்கும் பஜ்ஜிக்கும் உள்ள பந்தம் நமக்குத் தெரிந்ததே. ஆனால் எண்ணெய்க் கையோடு பட்டைத் தொட்டால் கறை என்ற சட்டம் இங்கே உண்டு. ஆகவே தறி ஓடும்போது பஜ்ஜி கூடாது. கெட்டிக்கார இல்லத்தரசிகள் இந்தச் சட்டத்தைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறார்கள். முதுகு வலியை வெளியில் சொல்லாமல் புருஷன் தறியை விட்டு எழுந்திருக்க மறுக்கிறாரா? அடுப்பில் வாணலி ஏறிவிடும். வாழைக்காய் பஜ்ஜியின் வாசனைக்கு முன்னால் எந்த வைராக்கியம் நிற்கும்? அன்று சாயங்காலம் தறிக்கு ஓய்வு, மனிதருக்கும் ஓய்வு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

காஞ்சிப் பட்டின் தனிச் சிறப்பு கோர்வை. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று இரண்டும் தனித்தனி ஊடை நூலால் நெய்யப்பட்டு, ஒவ்வொரு இழையிலும் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. இதற்கு இரண்டு நாடா போதாது, மூன்று வேண்டும். மூன்றாவது நாடாவைக் கரைப் பக்கத்தில் வாங்கித் திருப்பிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். இரண்டு பேர், நாலு கை, ஒரே தாளம்.

ஒரு காலத்தில் இந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். பள்ளிக்கூடத்தைப் பார்க்காத பிஞ்சு விரல்கள் அவை. 1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. பிறகு ஊரிலும் இயக்கங்கள் நடந்தன. மெல்ல மெல்லப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கினார்கள். காலியான இடத்தில் பல வீடுகளில் வந்து உட்கார்ந்தவள் அம்மா.

ஆக, புருஷனும் பெண்டாட்டியும் நாள் முழுக்க ஒரே தறியில்! மழை நாளின் எரிச்சலில் காலையில் ஒரு சண்டை வந்துவிட்டது என்று வையுங்கள். நம் வீடுகளில் அவர் ஆபீசுக்குப் போய்விடுவார், சாயங்காலத்துக்குள் கோபம் ஆறிவிடும். இங்கே எங்கே போவது? பாடம் படிக்கிற பையன் தூதுவனாகிறான்.

"டேய், உங்கப்பாவை நாடாவை மெதுவா எறியச் சொல்லுடா."

"உங்கம்மாவைத் தூங்காம வாங்கச் சொல்லுடா."

பையன் இரண்டு செய்திகளையும் அப்படியே ஒப்பித்து, கூடவே தன் பங்குக்கு, "எனக்குக் கணக்குப் பாடம் இருக்குது, நீங்களே பேசிக்குங்க" என்று ஒரு செய்தியும் சேர்த்து விடுவான். அந்த இடத்தில் யாராவது ஒருவர் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் தாளம் தவறும். தாளம் தவறினால் கரை கோணும். கோபத்தோடு கோர்வை போட முடியாது!

சிரித்து முடித்த பிறகு ஒன்றை யோசித்துப் பாருங்கள். தார் சுற்றுவது, பழைய பாவின் முனையில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது, மூன்றாவது நாடாவை வாங்கிக் கொடுப்பது, இவ்வளவுக்கும் நடுவில் சமையல், குழந்தை, ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைப்பது. இத்தனையும் செய்கிறவளுக்குத் தனிக் கூலி கிடையாது. சேலைக்குக் கூலி ஒன்று. உழைப்போ ஒரு குடும்பத்தினுடையது. 2005-ஆம் ஆண்டு காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்தது, நல்லதே. கரைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அவளுடைய பிள்ளைகள் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், மழைக்குப் பயமில்லை. அவர்களைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஒற்றை ஆளே நெய்யும்படி மாற்றிய தறிகளும் வந்துவிட்டன. அவற்றில் இரண்டாவது ஆளுக்கும் வேலையில்லை, சமாதானத் தூதுவனுக்கும் வேலையில்லை.

சகோதரிகளே, அடுத்த முறை கோர்வைப் பட்டு வாங்கும்போது கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். இது இருவர் சேர்ந்து நெய்த கோர்வையா என்று கேளுங்கள். "ஆம்" என்றால், விலையில் நூறு இருநூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துங்கள். அந்தக் கோட்டில் ஓர் ஐப்பசி மழையும், ஒரு தட்டு பஜ்ஜியும், சமாதானமாகிப்போன ஒரு சண்டையும் இருக்கின்றன. அதற்குப் பிறகும் பேரம் பேச வாய் வருமா, என்ன?