வாடகை ஸ்கூபா கிட் பழுதா? காசுக்காக இறங்காதீங்க!

பிள்ளையார்பாளையத்துல பட்டுச்சேலை எடுத்தா ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்போம்ல? பாண்டிச்சேரிக்கு ஸ்கூபா டைவிங் போனாலும் அதே மாதிரி செக் பண்ணுங்க நண்பர்களே.

ரெகுலேட்டரில் நாலைந்து தடவை மூச்சு இழுத்துக்கிட்டே பிரஷர் கேஜைப் பாருங்க. முள் ஆடினா வால்வு முழுசா திறக்காம இருக்கலாம். நிறைந்த சிலிண்டர் சுமார் 200 பார் காட்டணும். ஜாக்கெட்டில் காற்று நிரப்பி, கசியுதான்னும் கவனிங்க.

பழுதுன்னா மாத்திக் கேளுங்க. மாத்தலையா? 'கட்டின பணம் வீணாகுதே'ன்னு இறங்காதீங்க. பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கு, உயிருக்கு இல்லை.

ரசீது, போட்டோ, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கிட்டு 1915-க்கு போன் பண்ணுங்க. அதிலும் தீரலைன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி காஞ்சிபுரத்துல இருந்தே, உங்க மாவட்ட ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் வழக்கு போடலாம். நீங்க கட்டின தொகை 5 லட்சம் ரூபாய் வரைன்னா வழக்குக் கட்டணமும் கிடையாது!