சவலோடு வந்த ஆமி

ரொறன்ரோவில் ஸ்னோ கொட்டினால் பள்ளிப் பேருந்து ஓடாது. பள்ளிக்கூடம் பெரும்பாலும் திறந்துதான் இருக்கும். அதனால் உண்மையான ஸ்னோ டே என்பது நம் பிள்ளைகளுக்கு லொத்தர் விழுந்த மாதிரி. அதற்கென்று ஒரு நேர்த்தியும் வைத்திருக்கிறார்கள். பைஜாமாவை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டு, தலையணைக்குக் கீழே கரண்டி வைத்துப் படுக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் கரண்டி காணாமல் போயிருக்கும்.

2022 ஜனவரி 17, திங்கட்கிழமை. ஒமிக்ரோனால் வீட்டிலிருந்து கணினியில் படித்த பிள்ளைகள் அன்றுதான் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். ஞாயிறு இரவே சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவி அடுக்கி, நிம்மதியாகப் படுத்தேன். விடிய எழும்பினால் முன்கதவைத் திறக்க முடியவில்லை. நகரின் சில இடங்களில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் ஸ்னோ. பள்ளிகளுக்குப் பூட்டு.

குசினியில் அம்மா எதையோ தேடிக்கொண்டு நின்றா.

"பிள்ளை, என்ர அகப்பையைக் கண்டனியே?"

சின்னக் கரண்டி வைத்தால் சின்ன ஸ்னோதான் வரும் என்பது என் எட்டு வயது மகனின் கணக்கு. அம்மம்மாவின் அகப்பையையே தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்திருக்கிறான்! "பார்த்தீங்களா, வேலை செய்யுது!" என்று அவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது, என் கணவர் மேலே ஷேர்ட்டும் கீழே சாரமுமாக இருந்த அலுவலகக் கூட்டத்துக்குள். அம்மா அதைப் பறித்துக் கழுவி, சொதியைக் கிண்டத் தொடங்கினா.

இடியப்பம் சாப்பிடும்போது மகள் கேட்டாள், நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதும் இப்படி வந்ததா என்று.

வந்தது. 1999 ஜனவரி. ஸ்னோ அள்ள மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற ஊர்க்காரருக்கு அது இன்றைக்கும் பகிடி. ஸ்காபரோவில் எங்கள் அபார்ட்மென்டுக்கு அது பகிடியாக வந்து சேரவில்லை. ரீவியைப் பார்த்துவிட்டு நான்தான் கத்தினேன், "அப்பா, ஆமி வருகுது!" அப்பா ஒரு சொல்லும் பேசாமல் எழும்பி, பாஸ்போர்ட்டுகள் இருந்த பையை எடுத்தார். அம்மா லைற்றை நூர்த்தா. பிறகு செய்தியில் ஆமிக்காரர் சவலோடு நிற்பதைக் கண்டதும் அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சவலோட ஒரு ஆமி!" என்று அந்தக் கிழமை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

எத்தனையோ கொண்டாட்டங்களில் நான் சொல்லிச் சிரிக்கவைத்த கதை இது. பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகன்தான் முதலில் நிறுத்தினான்.

"அம்மம்மா, ஏன் லைற்ற ஓஃப் பண்ணினீங்க?"

"அது பிறகு சொல்றன்" என்று வழக்கம்போல நான் இடையில் விழுந்தேன். அம்மா கதிரையை இழுத்துப் போட்டா.

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே. இரு, நான் சொல்லுறன்."

1987, வடமராட்சியிலிருந்து தொடங்கினா. பிள்ளைகளுக்குத் தமிழ் பிடிபடாத இடங்களில் நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிக்குமேல் எனக்கும் புதுக்கதை. மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு நானும் பிள்ளைகளோடு இருந்து கேட்டேன். சொதி ஆறிப்போனது.